தூக்கத்தில் ஆத்மா எங்கே போகிறது?



மனிதன் தன் ஆயுளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தூங்கிக் கழிக்கிறான். 60 வயது வரை ஜீவித்த ஒருவன் சுமார் 20 வருஷம் தூங்கியிருக்கிறான். அந்த 20 வருஷத்தில் தனக்கு என்ன நடந்தது என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. மனிதனுக்குத் தெரியாத இடம் எதுவோ, அந்த இடத்திலெல்லாம் மதக்காரன் வந்து கூடாரம் அடித்துக் கொள்வது உலக வழக்கம். இடியின் காரணம் தெரியாதபோது இடிக்கு ஒரு தேவனையும், அம்மையின் காரணம் தெரியாதபோது அம்மைக்கு ஒரு ஆத்தாளையும் வைத்தான். அதே வழக்கப்படி தூக்கத்துக்கும் ஒரு ஆத்மாவை வைத்தான். இடிக்கும் அம்மைக்கும் போட்ட கூடாரம் பிரிந்துவிட்டது. தூக்கத்துக்குப் போட்ட கூடாரம் மாத்திரம் இன்னும் பிரியவில்லை. படித்தவர்கள் என்று சொல்லப்படுகிறவர்கள்கூட அதன் நிழலில் உட்கார்ந்துகொண்டு, “ஆழ்ந்த தூக்கத்தில் ஜீவாத்மா பரமாத்மாவோடு கலக்கிறது, அதனால்தான் அவ்வளவு சுகம்” என்று பிரசங்கம் செய்கிறார்கள்.

ஆகையால் இந்த விஷயத்தில் சாஸ்திரம் சொல்வது என்ன, சோதித்துப் பார்த்தவர்கள் சொல்வது என்ன என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். எது பொருத்தமாயிருக்கிறது என்பதை வாசகர்கள் தங்கள் புத்தியைக் கொண்டே முடிவு செய்து கொள்ளட்டும்.

முதலில் சாஸ்திரத்தைப் பார்ப்போம். மாண்டூக்கிய உபநிஷத்து மனிதனுக்கு விழிப்பு, கனவு, சுழுத்தி என்னும் ஆழ்ந்த தூக்கம், அதற்கும் மேற்பட்ட துரியம் என்று நான்கு நிலைகள் சொல்லுகிறது. சுழுத்தியை ஆனந்தமயமான நிலை என்கிறது. சாந்தோக்கியம் தூங்குகிறவன் மூலப்பொருளோடு ஒன்றிப் போகிறான் என்கிறது. பிருகதாரண்யகமோ இன்னும் ஒரு படி மேலே போய், தூங்குகிறவனைத் திடீரென்று எழுப்பக் கூடாது, வெளியே போன ஆத்மா சரியான இடத்துக்குத் திரும்பி வராவிட்டால் வைத்தியம் செய்வது கஷ்டம் என்று சொல்லப்படுவதாக எழுதி வைத்திருக்கிறது. அந்தக் காலத்து மனிதன் விளக்கில்லாத இருட்டில் தடவிப் பார்த்துச் சொன்னான் என்று அதை விட்டுவிடலாம். ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன் இருந்தவனுக்கு இன்று இருக்கும் கருவி இல்லையே என்று அவனைக் கேலி செய்வது நமக்கு நியாயமல்ல. இன்று கருவி இருக்கும்போதும் அந்தப் பழைய தடவலையே வேதவாக்கு என்கிறானே, அவனைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

அதே பிருகதாரண்யகத்தில், அதே இடத்தில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. ஆழ்ந்த தூக்கத்தில் தகப்பன் தகப்பன் அல்ல, திருடன் திருடன் அல்ல, சண்டாளன் சண்டாளன் அல்ல என்று சொல்லியிருக்கிறது. தோழர்களே, இதைக் கவனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். கடைசியில் இதற்கு வருவோம்.

இனிச் சோதித்தவர்களைப் பார்ப்போம்.

இத்தாலி தேசத்தில் 1846-ஆம் வருஷம் பிறந்த ஆஞ்செலோ மோஸ்ஸோ என்று ஒருவர் இருந்தார். இவர் ஒரு தச்சுத் தொழிலாளியின் மகன். நம் நாட்டு மனுநீதி அங்கே இருந்திருக்குமானால் இவர் கையில் உளியைத் தவிர வேறொன்றும் கொடுத்திருக்க மாட்டார்கள். அங்கே அது இல்லாததால் அவர் படித்து வைத்திய சாஸ்திரத்தில் பேராசிரியரானார். தலையில் காயம்பட்டு மண்டையோட்டில் திறப்பு ஏற்பட்ட சில நோயாளிகள் அவருக்குக் கிடைத்தார்கள். அந்தத் திறப்பின் வழியாக மூளையின் துடிப்பு வெளியே தெரியும். மோஸ்ஸோ அதன்மேல் ஒரு கருவியைப் பொருத்தி அந்தத் துடிப்பைக் காகிதத்தில் கோடாக இழுக்கச் செய்தார்.

அந்த நோயாளிகளில் பெர்த்தினோ என்ற ஒரு குடியானவன். சோதனை நடந்து கொண்டிருக்கும்போது ஒரு நாள் மாதா கோயில் மணி அடித்தது. உடனே மூளையின் துடிப்பு அதிகமாயிற்று. “மணி சத்தம் கேட்டதும் ஜெபம் சொல்ல வேண்டுமே என்று நினைத்தாயா?” என்று மோஸ்ஸோ கேட்டார். அவன் ஆம் என்றான். அப்போதும் துடிப்பு ஏறிற்று. பிறகு “எட்டுப் பன்னிரண்டு எவ்வளவு?” என்று வாய்ப்பாடு கேட்டார். அதற்கும் துடிப்பு ஏறிற்று! ஜெபத்துக்கும் வாய்ப்பாட்டுக்கும் மூளை ஒரே வேலையைத்தான் செய்தது. ஜெபத்துக்கென்று ஆகாயத்திலிருந்து தனியாக ஒரு சக்தியும் இறங்கி வரக் காணோம். மோஸ்ஸோ இந்த ஆராய்ச்சிகளை 1881-இல் ஜெர்மன் பாஷையில் புத்தகமாக வெளியிட்டார். மனிதனை ஒரு பலகைத் தராசில் படுக்க வைத்து, அவன் யோசிக்கும்போது ரத்தம் தலைப் பக்கம் போய்த் தராசு சாய்கிறதா என்றுகூடப் பார்த்தார். தூங்குகிறவனுடைய மூளையையும் பார்த்தார். சிறு சத்தம் கேட்டால் அவன் விழிக்காமலே மூளையில் ரத்தத்தின் அளவு மாறுவதைக் கண்டார். மூளையை விட்டு வெளியே போய் எங்கேயோ கலந்திருக்கிற ஆத்மாவுக்குப் பக்கத்து அறைச் சத்தம் எதற்காகக் கேட்க வேண்டும் என்பதைச் சுழுத்திப் பண்டிதர்கள்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தவர் ஜெர்மனியில் யேனா என்ற ஊரில் இருந்த ஹான்ஸ் பெர்கர். இவர் வாலிபத்தில் ராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து சாகத் தப்பினார். அதே தினத்தில் அவருடைய சகோதரிக்கு ஏதோ மனம் பதைத்து, தகப்பனாரைக் கொண்டு தந்தி கொடுக்கச் செய்தாளாம். பெர்கர் இதை மனத்திலிருந்து மனத்துக்குச் செய்தி போகும் அதிசயம் என்று நம்பினார். நம்பியதோடு நின்றிருந்தால் அவரும் நம் ஊர்ச் சாமியார்களைப் போல ஒரு மடம் கட்டியிருப்பார். அவர் யோக்கியர், ஆகையால் அதைத் தேடிப் பிடித்து ருசுப்படுத்த வேண்டும் என்று வருஷக் கணக்காய் உழைத்தார். அவர் தேடிய அதிசயம் அகப்படவில்லை. தேடிய வழியில் மூளையின் மின்சார அலை அகப்பட்டது. 1924-இல் மனித மூளையின் அலையைப் பதிவு செய்து, 1929-இல் அதை வெளியிட்டார். அந்தக் கருவியைக் கொண்டுதான் பிற்பாடு தூக்கத்தின் படிகளை அளந்தார்கள். கண்ணை மூடிச் சும்மா விழித்திருக்கும்போது அலை செகண்டுக்கு 8 முதல் 13 தடவை வருகிறது. ஆழ்ந்த தூக்கத்தில் அது செகண்டுக்கு நாலு தடவைக்கும் குறைந்து, பெரிய பெரிய அலையாய் மெள்ள வருகிறது. கனவு அதிகமாய் வரும் தூக்கம் வேறு ஒரு தினுசு. அதில் கண்விழி இமைக்குள் ஓடும். அதை 1953-இல் அமெரிக்காவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர் எழுதினார்கள். உபநிஷத்துக்காரர் கனவுத் தூக்கம் வேறு, கனவற்ற தூக்கம் வேறு என்று பிரித்தது ஓரளவு சரிதான். சரியானதைச் சரி என்று சொல்ல நமக்குத் தடையில்லை. பிரித்ததற்கு மேல் கட்டிய மாளிகைதான் காற்றில் நிற்கிறது.

இனி ரத்த ஓட்டத்துக்கு வருவோம்.

மூளை, உடம்பின் எடையில் நூற்றில் 2 பங்குதான். ஆனால் உடம்பு செலவழிக்கும் பிராண வாயுவில் நூற்றில் சுமார் 20 பங்கை அதுவே தின்றுவிடுகிறது. நிமிஷத்துக்கு முக்கால் லிட்டர் ரத்தம் மூளைக்குப் போகிறது. இந்த ரத்தம் எல்லா இடத்துக்கும் எப்போதும் ஒரே அளவாய்ப் போவதில்லை. ஏரியில் மடை திறப்பவர் எந்த வயலுக்குத் தண்ணீர் வேண்டுமோ அந்த வாய்க்காலைத் திறந்துவிடுகிறாரே, அதுபோல எந்தப் பாகத்தில் வேலை நடக்கிறதோ அந்தப் பாகத்தின் நுண் குழாய்கள் விரிந்து ரத்தத்தை அதிகமாய் இழுத்துக் கொள்ளுகின்றன. வேலை குறைந்த பாகத்துக்கு ரத்தமும் குறைகிறது. ஆகவே ரத்தம் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று பார்த்தால், எந்த வயலில் உழவு நடக்கிறது, எந்த வயல் தரிசாய்க் கிடக்கிறது என்று தெரிந்துவிடும். இதை மாற்றிப் புரிந்துகொள்ளக் கூடாது. ரத்தம் குறைவதால்தான் தூக்கம் வருகிறது என்று பழைய காலத்தில் சிலர் எண்ணினார்கள். அது சரியல்ல. வேலை அடங்குகிறது, அதனால் ரத்தத்தின் தேவை குறைகிறது.

1945-இல் அமெரிக்காவில் கெட்டி, ஷ்மிட் என்ற இருவர் மூளைக்குப் போகும் மொத்த ரத்தத்தை அளக்கும் வழியைக் கண்டார்கள். அந்த வழியில் 1955-இல் தூங்கும் வாலிபர்களைச் சோதித்தபோது, பிராண வாயுச் செலவு குறையவே இல்லை என்றும், ரத்தம் சற்றுக் கூடியிருக்கிறது என்றும் கணக்கு வந்தது. “பார்த்தீர்களா, மூளை தூங்குவதே இல்லை” என்று சிலர் சொல்லக் கிளம்பினார்கள். கணக்கில் பொய் இல்லை. ஆனால் அது எல்லாத் தினுசுத் தூக்கத்தையும், எல்லாப் பாகத்தையும் ஒன்றாய்க் கொட்டி அளந்த சராசரிக் கணக்கு. ஒரு கிராமத்தில் மிராசுதாருக்கு மாதம் லட்ச ரூபாயும், 99 கூலிக்காரர்களுக்குக் கஞ்சிக்கே இல்லாமலும் இருந்தால், சராசரி போட்டுப் பார்த்து ஊரில் ஒவ்வொருவனுக்கும் ஆயிரம் ரூபாய் வருகிறது என்று சர்க்கார் ஏட்டில் எழுதிவிடலாம். பசித்தவன் வயிறு அந்தச் சராசரியால் நிறையாது. மூளையிலும் அப்படியே. எந்தப் படித் தூக்கம், எந்தப் பாகம் என்று தனித்தனியாய்க் கேட்டால்தான் உண்மை வரும்.

அப்படிக் கேட்டார்கள். 1991-இல் கோபன்ஹேகனில் ஆழ்ந்த தூக்கத்தை மாத்திரம் தனியே பிரித்து அளந்தபோது, மூளையின் பிராண வாயுச் செலவு ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைவதைக் கண்டார்கள். பிறகு 1997-இல் பெல்ஜியத்தில் லியேஜ் சர்வகலாசாலையில் மாக்கே என்பவரின் கூட்டத்தாரும், அமெரிக்காவில் சர்க்கார் சுகாதார ஆராய்ச்சி நிலையத்தில் பிரௌன் என்பவரின் கூட்டத்தாரும் பாகம் பாகமாய் அளந்து எழுதினார்கள். இவர்கள் செய்த விதம் இதுதான். தண்ணீரில் உள்ள பிராண வாயுவை ஒரு விசேஷ தினுசாக மாற்றி, அந்தத் தண்ணீரைச் சிறிதளவு ரத்தக் குழாயில் செலுத்துகிறார்கள். அந்தப் பிராண வாயு 2 நிமிஷத்தில் பாதியாய்க் கரைந்துவிடும். கரையும்போது அது வெளியிடும் கதிரைத் தலையைச் சுற்றி வைத்த வளையக் கருவி பிடிக்கிறது. எங்கே ரத்தம் அதிகமோ அங்கே கதிர் அதிகம். தலையில் மின்சார அலைக் கருவியையும் மாட்டியிருப்பதால், மனிதன் எந்தப் படித் தூக்கத்தில் இருக்கிறான் என்பதும் அதே சமயம் தெரிகிறது.

கண்டது என்ன? ஆழ்ந்த தூக்கத்தில் முதலாவது, கழுத்துக்கு மேலே மூளையைத் தாங்கி நிற்கும் மூளைத்தண்டின் மேல்பாகத்தில் ரத்தம் குறைகிறது. மனிதனை விழிப்பாய் வைத்திருப்பது இந்த இடம். இரண்டாவது, மூளையின் நடுவே இருக்கும் தலாமஸ் என்ற பாகத்தில் குறைகிறது. கண், காது, தோல் முதலியவற்றிலிருந்து வரும் செய்திகள் மேலே போகும் சுங்கச்சாவடி அது. மூன்றாவது, நெற்றிக்குப் பின்னாலும் கண்ணுக்கு மேலும் உள்ள முன்மூளையில் குறைகிறது. யோசிப்பது, தீர்மானிப்பது, இது சரி இது தப்பு என்று நிறுத்துப் பார்ப்பது ஆகிய வேலைகளுக்கு முக்கியமான இடம் இது. அமெரிக்கச் சோதனையில், கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் முதன்முதல் வாங்கிக் கொள்ளும் பாகங்களில் ரத்தம் அவ்வளவு குறையவில்லை என்பதையும் எழுதியிருக்கிறார்கள். வாசல் திண்ணையில் காவல்காரன் உட்கார்ந்தே இருக்கிறான். உள்ளே வீட்டுக்காரன்தான் படுத்துவிட்டான் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

கனவுத் தூக்கத்தில் பார்த்தால், பயம், ஆசை முதலிய உணர்ச்சிகளின் பாகங்களில் ரத்தம் மறுபடியும் ஏறுகிறது. முன்மூளையின் யோசிக்கும் பாகம் மாத்திரம் குறைந்தபடியே கிடக்கிறது. செத்துப்போன பாட்டனார் கனவில் வந்து வெற்றிலை கேட்டால், “செத்தவர் எப்படி ஐயா வந்தீர்?” என்று நாம் கேட்காமல் எடுத்துக் கொடுக்கிறோமே, அதன் காரணம் இதுதான் என்று கொள்ள இடமிருக்கிறது. “கனவில் சாமி வந்து சொல்லிற்று” என்கிறவர்களுக்கு நாம் சொல்லுவது: சாமி வந்த நேரத்தில் உங்கள் நியாயாதிபதி வீட்டில் இல்லை. நியாயாதிபதி இல்லாத கச்சேரியில் கொடுத்த தீர்ப்பு எப்படிச் செல்லும்?

இவ்வளவும் சொன்னால், வேதாந்தி ஒரு ஆக்ஷேபணை கொண்டு வருவார். “தூங்கி எழுந்தவன், நான் சுகமாய்த் தூங்கினேன், ஒன்றும் அறியேன் என்கிறானே. அந்தச் சுகத்தை அனுபவித்த ஒரு சாக்ஷி உள்ளே இல்லாவிட்டால் எப்படிச் சொல்லுவான்?” என்பார். இது அவர்களுடைய பெரிய பீரங்கி. கொஞ்சம் யோசித்தால் இது வெறும் வெடிச் சத்தம் என்று தெரியும். காலையில் எழுந்தவன் தன் உடம்பு லேசாய் இருப்பதை அந்த நேரத்தில் உணருகிறான். அதை வைத்து இராத் தூக்கம் நன்றாயிருந்தது என்று ஊகிக்கிறான். மாட்டுக்கொட்டிலில் தொட்டி காலியாயிருந்தால் இராத்திரி மாடு தவிடு தின்றுவிட்டது என்கிறோம். அதற்காக இராத்திரி முழுவதும் கொட்டிலில் நாம் சாக்ஷியாய் நின்றோம் என்று அர்த்தமா? ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து வயிற்றைக் கிழித்துத் தைக்கிறார்கள். எழுந்தவன், “எனக்கு ஒன்றும் தெரியவில்லை” என்றுதான் சொல்லுகிறான். அவனும் பரமாத்மாவோடு கலந்து திரும்பினான் என்றால், உபதேசம் செய்யும் ஜகத்குருவை விட மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரே பெரிய குரு என்று ஏற்படும். அவரிடம் தட்சிணைக்கு ரசீதாவது கிடைக்கும்.

இன்னொரு சோதனையையும் சொல்லுவோம். 2005-இல் அமெரிக்காவில் விஸ்கான்சின் சர்வகலாசாலையில், தலைக்கு வெளியே காந்த சக்தியைக் கொண்டு மூளையின் ஒரு இடத்தைத் தட்டிப் பார்த்தார்கள். விழித்திருப்பவனுக்கு அந்தத் தட்டல் இடம் விட்டு இடம் பரவி எதிரொலிக்கிறது. ஆழ்ந்த தூக்கத்தில் தட்டிய இடத்தில் எழும்பி அங்கேயே அடங்கிவிடுகிறது. ஊரில் எல்லா வீட்டிலும் ஆள் இருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு பேச்சு மாத்திரம் நின்றுவிட்டது என்பது போல. “நான்” என்பது உள்ளே குந்தியிருக்கும் ஒரு குட்டி ஆசாமியாக இருந்தால், பேச்சு நின்றவுடன் அவன் ஏன் காணாமற் போக வேண்டும்? பாகங்கள் ஒன்றோடொன்று பேசிச் செய்யும் காரியத்துக்கே “நான்” என்று பெயர் என்று வைத்துக் கொண்டால் எல்லாம் பொருந்துகிறது. ரத்தக் கணக்கு ஒன்றினாலேயே ஆத்மா இல்லை என்று தீர்ந்து போயிற்று என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லுவது பகுத்தறிவுக்கு அழகல்ல. ஆத்மா என்ற ஒன்றைச் சேர்க்காமலே கணக்கு நேராகிறது. இல்லை, சேர்த்துத்தான் தீரவேண்டும் என்கிறவன் ருசு கொண்டு வரட்டும் என்றுதான் சொல்லுகிறோம். ருசுப்படுத்தும் பாரம் அவன் தலையில் இருக்கிறது. நம் தலையில் இல்லை.

நிற்க. ஆழ்ந்த தூக்கம் என்பது மூளை செத்துக் கிடப்பதும் அல்ல. இரவின் முற்பகுதியில் வரும் இந்தத் தூக்கத்தில்தான் குழந்தைகளின் வளர்ச்சிக்கு வேண்டிய சுரப்பு நீர் அதிகமாய் ரத்தத்தில் இறங்குகிறது. 2019-இல் பாஸ்டன் நகரத்தில் கண்டது இன்னும் விசித்திரம். மெதுவான அலை வரும்போது மூளையில் ரத்தத்தின் அளவு சற்று இறங்குகிறது. காலியான இடத்துக்கு மூளையைச் சுற்றியுள்ள தெளிந்த நீர் உள்ளே பாய்கிறது. சுமார் 20 செகண்டுக்கு ஒரு முறை இப்படி அலையடிக்கிறதாம். இந்த நீர் மூளையின் அழுக்கைக் கழுவிக்கொண்டு போகிறது என்று 2013-இல் எலிகளைச் சோதித்து அமெரிக்காவில் சொன்னார்கள். 2024-இல் லண்டனில் வேறு சிலர் எலிகளைச் சோதித்து, தூக்கத்தில் கழுவுவது குறையத்தான் செய்கிறது என்று எதிராய் எழுதினார்கள். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. தோழர்களே, இங்கே ஒரு பாடம் இருக்கிறது. முந்தியவர் சொன்னதைப் பிந்தியவர் தப்பு என்றார். அதற்காக எவரும் எவரையும் நாஸ்திகன் என்று கல்லால் அடிக்கவில்லை, நரகத்துக்கு அனுப்பவில்லை. மறுபடியும் சோதிப்போம் என்கிறார்கள். இதுதான் விஞ்ஞானத்துக்கும் சாஸ்திரத்துக்கும் உள்ள வித்தியாசம்.

இதெல்லாம் மேனாட்டார் ஆராய்ச்சி. நமக்கு இதனால் என்ன என்று சிலர் கேட்கலாம். நமக்கு இதில் உயிரே இருக்கிறது.

நான் குடியிருந்த தெருவில் ஒரு நெசவுக் குடும்பம். ஒன்பது வயதுப் பையன் ஒருவன். படுத்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் எழுந்து, கண்ணைத் திறந்தபடியே கதவை நீக்கிக் கொண்டு தெருவில் நடப்பான். கூப்பிட்டால் பதில் வராது. ஒரு நாள் கிணற்றடி வரை போய்விட்டான். அவன் தாய் மறுநாள் என்னிடம் வந்து, “அண்ணா, பெற்றவளையே யாரென்று தெரியாமல் முழிக்கிறானே, பேய்தானே?” என்று அழுதாள். நான் சொல்லுவதைக் கேட்பதற்குள் சுற்றத்தார் பூசாரியிடம் கொண்டு போய்விட்டார்கள். வேப்பிலையால் அடித்து, பிரம்பால் அடித்து, கடைசியில் குழந்தையின் காலில் சூடும் போட்டார்கள். அந்தத் தழும்பு இன்று வரையிலும் இருக்கிறது. பேய் போகவில்லை, பையனுக்குத் தூக்கமே போயிற்று, தூக்கம் கெட்டதால் நடை அதிகமாயிற்று. பிறகு ஒரு டாக்டரைப் பார்த்து, அவர் சொன்னபடி கதவுக்கு உயரத்தில் தாழ்ப்பாள் போட்டு, பையனை நேரத்தோடு படுக்க வைத்து, சும்மா விட்டார்கள். பதினான்கு வயதில் தானாகவே நின்றுவிட்டது.

இந்த நடைக்குப் பேய் வேண்டியதில்லை. 2000-ஆம் வருஷத்தில் ஸ்விட்சர்லாந்து தேசத்து வைத்தியர்கள், தூக்கத்தில் நடக்கும் 16 வயதுள்ள ஒருவனை, நடந்துகொண்டிருந்த சமயத்திலேயே பிடித்து ரத்த ஓட்டத்தைப் பார்த்தார்கள். சிறுமூளையின் நடுப்பாகத்திலும், பின்பக்கத்து வேறொரு பாகத்திலும் ரத்தம் ஏறியிருந்தது. யோசிக்கும் முன்மூளையிலோ விழித்திருப்பவனை விடக் குறைந்தே இருந்தது. ஒரு பாதி எழுந்துவிட்டது, மறுபாதி எழவில்லை. பார்த்தது ஒருவனைத்தான் என்றாலும், கண்ணைத் திறந்து நடக்கிறவனுக்குத் தாயைத் தெரியாமல் போவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல சமாதானம் எந்தப் பூசாரியிடம் இருக்கிறது? நடுராத்திரியில் அலறி எழுந்து காலையில் ஒன்றும் நினைவில்லாத குழந்தையின் கதையும் இதற்குப் பங்காளிதான். பெரும்பாலும் வயதானால் போய்விடும். அடிக்கவும் வேண்டாம், பிடித்து உலுக்கவும் வேண்டாம். விழுந்துவிடாமல் பார்த்துக் கொண்டு படுக்க வைத்தால் போதும். ஆனால் கை கால் வெட்டி இழுத்தாலோ, நாக்கைக் கடித்துக் கொண்டாலோ, அது காக்கை வலிப்பாய் இருக்கலாம். அதை வைத்தியரிடம் காட்டியே தீரவேண்டும். அந்த வியாதிக்காரர்களில் பத்தில் ஏழு பேர் வரை சரியான மருந்தினால் வலிப்பு வராமல் வாழ முடியும். தாயத்து கட்டிய கையில் அந்த மருந்து போய்ச் சேருவதில்லை.

இது ஒரு ஜாதிக்கோ ஒரு மதத்துக்கோ மாத்திரம் சொல்லுவதல்ல. 2001-ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம் 6-ஆம் தேதி இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த ஒரு மனநோய் விடுதியில் தீப்பிடித்து 28 பேர் மாண்டார்கள். அவர்கள் ஓடித் தப்ப முடியாமற் போனது ஏன்? சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். அந்த ஊருக்கு வந்த நோயாளிகள், கனவில் உத்தரவு கிடைத்தால்தான் குணமாகி வீடு திரும்பலாம் என்ற நம்பிக்கையில் காத்திருப்பது வழக்கமாயிருந்தது. நியாயாதிபதி இல்லாத கச்சேரியின் தீர்ப்புக்குக் காத்திருந்த மனிதர்கள் வெந்து போனார்கள். கோயில், மசூதி, மாதா கோயில் எதுவானாலும், நோயாளியை வைத்தியரிடமிருந்து பிரிக்கும் நம்பிக்கை கொலைகார நம்பிக்கையே.

நோயில்லாதவர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. வைகுண்ட ஏகாதசிக்கும் சிவராத்திரிக்கும் கண் விழித்தால் மோட்சம் என்கிறார்கள். இராக் கொட்டகையில் பாவு முடிக்கவும், பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சவும் வருஷமெல்லாம் கண் விழிக்கிற ஏழைக்கு எத்தனை மோட்சம் சேர்ந்திருக்க வேண்டும்! ஆடி மாதம் வந்தால் விடிய விடிய ஒலிபெருக்கி. 2000-ஆம் வருஷத்துச் சட்ட விதிப்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. திருவிழாக் காலத்துக்கென்று சர்க்கார் வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் நடு இரவு வரையில் மாத்திரம் தளர்த்தலாம். இந்தச் சட்டம் இருப்பது தெரிந்த தோழர்கள் தங்கள் ஊரில் மரியாதையாய் எடுத்துச் சொல்லி நிறுத்த முயல வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் ஆழ்ந்த தூக்கத்தைத் திருடிக் கொடுத்தால்தான் ஆத்தாளுக்குக் காது கேட்கும் என்றால், அந்த ஆத்தாளுக்குத்தான் வைத்தியம் தேவை.

கடைசியாக, முதலில் கவனத்தில் வைக்கச் சொன்ன சங்கதிக்கு வருவோம். ஆழ்ந்த தூக்கத்தில் சண்டாளன் சண்டாளன் அல்ல என்று உபநிஷத்து ஒப்புக்கொள்ளுகிறது. மிக்க சந்தோஷம். அப்படியானால், ஜாதி பிறப்பில் ஒட்டிக்கொண்டது, ரத்தத்தில் ஊறியது என்று சொல்லுகிறார்களே, அந்த ரத்தம் தூக்கத்திலும் அவன் மூளையில் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? ரத்தம் ஓடும்போதே ஜாதி மாத்திரம் மறைகிறது என்றால், அது ரத்தத்தில் இல்லை. விழித்தபின் ஊரார் சொல்லிக் கொடுத்து மாட்டிவிட்ட சட்டை என்பதுதானே அர்த்தம்? லியேஜிலும் அமெரிக்காவிலும் எடுத்த படங்களில் ரத்தம் ஏறி இறங்கும் இடங்கள் தெரிகின்றன. பூணூல் தெரியும் இடம் ஒன்றையும் எவரும் காணவில்லை. சங்கராச்சாரியாரைப் படுக்க வைத்தாலும், சாக்கடை அள்ளும் தோழரைப் படுக்க வைத்தாலும், அதே மூளைத்தண்டு, அதே தலாமஸ், அதே முன்மூளை அடங்கித்தான் தூக்கம் வரும்.

தூங்கும்போது எல்லாரும் சமம் என்று எழுதி வைத்துவிட்டு, விழித்ததும் எட்டி நில் என்றவர்களின் தத்துவம் நமக்கு வேண்டியதில்லை. தூக்கத்தில் கிடைக்கிற சமத்துவத்தால் எவன் பசி தீரும்? எந்தத் தெருவில் நடக்க முடியும்? எந்தக் கிணற்றில் நீர் எடுக்க முடியும்? விழித்திருக்கும்போது சமத்துவம் வேண்டும் என்பதே சுயமரியாதைக்காரனின் கேள்வி.

ஆகையால் தோழர்களே, இரவில் நன்றாகத் தூங்குங்கள். உங்கள் குழந்தைகளையும் தூங்கவிடுங்கள். காலையில் எழுந்ததும் முன்மூளைக்கு ரத்தம் திரும்பி வந்துவிடும். வந்த ரத்தத்தை வீணாக்காமல் கொஞ்சம் யோசியுங்கள்.